நியூ சவுத் வேல்ஸ் உள்நாட்டின் பழைய பப்பில் தங்குவது எப்படி: சிட்னி முதல் புரோக்கன் ஹில் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கடற்கரையிலிருந்து தொலைவிலுள்ள ஆஸ்திரேலிய உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் கடைத்தெரு முனையில், இரும்புச் சரிகை வேலைப்பாடுள்ள மாடி வராந்தாவோடு நிற்கும் கட்டடத்தின் நெற்றியில் 'ஹோட்டல்' என்று எழுதியிருந்தால், அது ஒரு பப்: முதலில் மது விற்கும் இடம், பிறகுதான் உறங்கும் இடம். இந்தப் பெயர் சட்டத்தால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடியேற்ற அரசுகள் மது விற்க உரிமம் வழங்கியபோது, உரிமையாளர் குடும்பம் வசிக்கும் அறைகளைத் தவிரப் பயணிகளுக்கெனத் தனி அறைகளும், அவர்களுடைய குதிரைகளுக்குக் கொட்டிலும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தன. மது விற்க விரும்பியவர் படுக்கையும் விரிக்க வேண்டியிருந்ததால், கீழே பாரும் மேலே நீண்ட நடைக்கூடத்தின் இருபுறமும் சிறு அறைகளுமாக ஒரே அமைப்பு கண்டம் முழுவதும் பரவியது. மோட்டார் வண்டிக் காலத்தில் ஊரோர மோட்டல்கள் பெருகியபோது பல பப்களின் மாடிகள் பூட்டப்பட்டன. அவற்றுள் கணிசமானவை இன்று மீண்டும் பயணிகளுக்குத் திறந்திருக்கின்றன.

இந்தப் பப் வீடுகளில் நாள் முழுவதையும் பாரும் சமையலறையும்தான் நடத்துகின்றன. அவை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதைத் தெரிந்துகொண்டு போகிறவருக்கு அங்கே கிடைக்கும் இரவு எந்த நட்சத்திர விடுதியிலும் கிடைக்காது. தெரியாமல் போகிறவர் பசியோடும் எரிச்சலோடும் படுக்க நேரிடும். எனவே கீழே உள்ள படிகள் பெரும்பாலும் நேரத்தைப் பற்றியவை. எடுத்துக்காட்டாகச் சிட்னியிலிருந்து டப்போ, கோபார், வில்கேனியா வழியாக, மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள சுரங்க நகரமான புரோக்கன் ஹில் வரையிலான ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர் வழியை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: வீட்டின் வகையைப் பெயரிலிருந்தே படியுங்கள்

பழைய பப்களின் பெயர்கள் அவை யாருக்காகக் கட்டப்பட்டன என்பதைச் சொல்லிவிடும். 'ராயல் மெயில்' என்றால் காப் அண்ட் கோ போன்ற நிறுவனங்களின் தபால் கோச்சு வண்டிகள் நின்ற இடமாக இருக்கக்கூடும். 'ரயில்வே ஹோட்டல்' நிலையத்துக்கு எதிரே இருக்கும். ரயில் நின்றுபோன ஊரிலும் பெயர் நிற்கும். 'கமர்ஷியல்' என்பது ஊர் ஊராகச் சரக்கு மாதிரிகளைக் கொண்டுபோய் விற்ற பிரதிநிதிகளைக் குறிப்பது. அவர்கள் மாதிரிகளைப் பரப்பிக் காட்டுவதற்கென்றே தனி அறை வைத்திருந்த வீடுகள் உண்டு. கட்டடத்தைப் பார்த்தும் காலத்தைக் கணிக்கலாம். சரிகை வராந்தாவும் அச்சழுத்திய தகர உட்கூரை அலங்காரமும் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியையோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ காட்டும். வளைந்த மூலையும் வண்ண ஓடு பதித்த சுவருமாக இருந்தால், பெரும்பாலும் 1930-களில் மதுவாலை நிறுவனங்கள் புதுப்பித்துக் கட்டியவை.

அந்த ஓடுகளுக்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 1916 முதல் 1955 வரை பார்கள் மாலை ஆறு மணிக்கு மூடப்பட்டன. ஐந்து மணிக்கு வேலை முடிந்த ஆண்கள் அந்த ஒரு மணி நேரத்துக்குள் நெருக்கியடித்துக் குடித்த கூட்டத்தில், தண்ணீர் ஊற்றிக் கழுவ எளிதான ஓடு பதித்த சுவர் வசதியாக இருந்தது. பெண்கள் அந்தப் பொதுப் பாருக்குள் வர முடியாத நிலையில் 'லேடீஸ் லவுஞ்ச்' என்ற தனி அறையில் அமர்ந்தார்கள். கதவுக் கண்ணாடியில் அந்த எழுத்து இன்றும் எஞ்சியிருக்கும் வீடுகள் உண்டு. பழங்குடி மக்களுக்கு மது விற்பதை இந்த மாநிலத்தின் சட்டம் 1960-களின் தொடக்கம் வரை தடுத்தது. தாங்கள் பிறந்த மண்ணில் கட்டப்பட்ட வீட்டுக்குள் அவர்கள் நுழைய முடியவில்லை. பழைய வீட்டின் அழகைப் பார்க்கப் போகிற நாம் இதையும் தெரிந்துகொண்டு போவதே நேர்மை என்று கருதுகிறேன்.

படி 2: ஊரைத் தேர்ந்தெடுங்கள், ஒரு நாள் ஓட்டத்துக்கு ஓர் இரவு

சிட்னியிலிருந்து டப்போ ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அங்கிருந்து நிங்கன் வழியாகக் கோபார் இன்னும் 300. கோபாரிலிருந்து வில்கேனியா வழியாகப் புரோக்கன் ஹில் 450-க்குச் சற்று மேல். இதை மூன்று பகல்களாகப் பிரித்தால் இரண்டு இரவுகள் வழியிலும் மூன்றாம் இரவு புரோக்கன் ஹில்லிலும் அமையும். இரண்டே நாளில் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் அப்படிப் போனால் இருட்டிய பிறகு வண்டி ஓட்ட நேரும். அந்த ஆபத்தை ஐந்தாம் படியில் விளக்குகிறேன்.

கோபார் செம்புச் சுரங்கத்தால் எழுந்த ஊர். அங்குள்ள கிரேட் வெஸ்டர்ன் ஹோட்டல் 1898-இல் கட்டப்பட்டது. தெருவின் நீளத்துக்கு ஓடும் அதன் இரும்புச் சரிகை வராந்தா இந்த மாநிலத்திலேயே மிக நீளமானது என்று சொல்லப்படுகிறது. தங்குவது வேறு இடத்தில் என்றாலும், மாலை வெயில் சாயும்போது எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அதை ஒருமுறை முழுதாகப் பாருங்கள்.

புரோக்கன் ஹில்லின் பேலஸ் ஹோட்டலின் கதை இன்னும் சுவையானது. 1889-இல் மதுவிலக்கு இயக்கத்தார் அதை மது இல்லாத 'காபி பேலஸ்' ஆகக் கட்டினார்கள். ஆர்ஜென்ட் தெருவும் சல்ஃபைட் தெருவும் சந்திக்கும் முனையில் மூன்று தளங்களோடு எழுந்த அந்த மாளிகை, வெள்ளியும் ஈயமும் துத்தநாகமும் தோண்டும் தொழிலாளர் ஊரில் காபியை நம்பிப் பிழைக்க முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே மது உரிமம் வாங்கியது. 1970-களில் அதை வாங்கிய மரியோ செலோட்டோ, இத்தாலிய ஓவியர் போட்டிசெல்லியின் வீனஸ் ஓவியத்தைத் தாமே உட்கூரையில் வரைந்தார். பிறகு பழங்குடி ஓவியர் கோர்டன் வே சுவர்களையும் மாடிப்படிகளையும் நிலக்காட்சிகளால் நிறைத்தார். வறண்ட ஊரின் நடுவே எங்கு திரும்பினாலும் நீரோடையும் அருவியும் தெரியும். 1994-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆஸ்திரேலியத் திரைப்படம் ஒன்றின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டதால், அதன் நினைவாகச் செப்டம்பரில் நடக்கும் விழாவுக்கு நாடெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். புரோக்கன் ஹில் முழு நகரமாகவே 2015-இல் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் நகரம் அதுதான்.

படி 3: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் வரும். தடித்த செங்கற்சுவர் பகலைத் தாங்கினாலும் மாடி அறை இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். ஜூன், ஜூலையில் இரவுக் குளிர் கடுமையாக இருக்கும். 'உள்நாடு என்றால் வெயில்' என்று எண்ணி மெல்லிய உடைகளோடு போகாதீர்கள். ஆகஸ்டில் புரோக்கன் ஹில் அருகே முண்டி முண்டிச் சமவெளியில் நடக்கும் இசைவிழா, செப்டம்பர் விழா, மார்ச்சில் குதிரைப் பந்தயம் ஆகிய நாட்களில் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடும். பள்ளி விடுமுறைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்

பெரிய பப்களில் இணைய முன்பதிவு உண்டு. ஆனாலும் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுவது சிறந்தது. நண்பகல் உணவு நேரத்திலும் மாலை ஆறு மணிக்கு மேலும் எடுப்பவர் பீர் ஊற்றிக்கொண்டே பேசுவார். முற்பகல் பதினொரு மணியோ பிற்பகல் மூன்று மணியோ வசதியான நேரம். கேட்க வேண்டியவை இவை.

முதலாவது, குளியலறை. 'பப் ரூம்' என்று விளம்பரப்படுத்தப்படும் அறைகளில் பெரும்பாலானவற்றுக்கு நடைக்கூடத்தின் முனையில் உள்ள பொதுக் குளியலறைதான். அறைக்குள்ளேயே குளியலறை வேண்டுமென்றால் 'என்சூட்' என்று கேளுங்கள். சில வீடுகள் பின்முற்றத்தில் பிற்காலத்தில் கட்டிய மோட்டல் அறைகளையும் தங்கள் பெயரிலேயே வாடகைக்கு விடுகின்றன. அவை வசதியானவைதாம், ஆனால் பழைய வீட்டில் உறங்க ஆசைப்பட்டுப் போய், செங்கல் வரிசை அறையில் கண்விழிப்பது ஏமாற்றமாக இருக்கும். 'மாடியில் உள்ள அறையா?' என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஓசை. வெள்ளி, சனி இரவுகளில் பாட்டுக் கச்சேரி உண்டா, அறை பாருக்கு நேர் மேலே உள்ளதா, எத்தனை மணிக்குப் பார் மூடும் என்று கேளுங்கள். அமைதி வேண்டுவோர் ஞாயிறு முதல் புதன் வரை தங்கலாம். ஊரைப் பார்க்க விரும்புவோர்க்கு வெள்ளிக்கிழமைதான் உகந்தது. மூன்றாவது, சமையலறை எந்தெந்த நாட்களில் இயங்கும் என்பது. திங்கள், செவ்வாயில் அடுப்பு மூட்டாத பப்கள் பல. பெரும்பாலான இடங்களில் இரவு உணவு ஆறு மணி முதல் எட்டு அல்லது எட்டரை வரை மட்டுமே. மறுமுனையில் இருப்பவர் 'டீ' என்று சொன்னால் தேநீர் என்று எண்ணிவிட வேண்டாம். உள்நாட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். நான்காவது, மாடிப்படி. பழைய வீடுகளில் மின்தூக்கி இருப்பது அரிது. முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு போகிறவர்கள் கீழ்த்தள அறையை முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் பெரியவர்களோடு உணவுக்கூடத்தில் அமரலாம், ஆனால் பார் பகுதியிலும் சூதாட்ட இயந்திரங்கள் உள்ள அறையிலும் இருக்கக் கூடாது.

சைவ உணவு உண்போர் முன்கூட்டிச் சொல்வது நல்லது. காய்கறி பர்கரோ பாஸ்தாவோ அநேகமாக இருக்கும். ஆனால் 'கிரேவி' என்ற குழம்பு பெரும்பாலும் மாமிசச் சாற்றால் ஆனது, உருளைக்கிழங்கு வறுவல் மீனும் கோழியும் பொரித்த அதே எண்ணெயில் வெந்திருக்கக்கூடும். ஒரு நாள் முன்பு சொன்னால் தனியாகச் செய்து தரும் சமையற்காரர்களை இந்த வழியில் கண்டிருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு வரிசையில் நின்று கேட்டால் அவர்களாலும் முடியாது.

படி 5: இருட்டுவதற்கு முன் ஊர் சேருங்கள்

கங்காருகள் அந்தியிலும் விடியலிலும் சாலையோரப் புல்லுக்கு வருகின்றன. இந்த வழியிலுள்ள பாரியர் நெடுஞ்சாலையில் ஈமுப் பறவைகளும் காட்டு ஆடுகளும்கூடத் திடீரெனக் குறுக்கே பாயும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியில் வளர்ந்த கங்காரு ஒன்று மோதினால் ரேடியேட்டர் உடைவதோடு நிற்காது. அதைத் தவிர்க்கச் சக்கரத்தை வெடுக்கெனத் திருப்பியவர்கள் கவிழ்ந்திருக்கிறார்கள். ஆகவே மாலை நான்கரை, ஐந்து மணிக்குள் ஊருக்குள் இருக்கும்படி திட்டமிடுங்கள். குளிர்காலத்தில் சூரியன் ஐந்து மணியளவிலேயே மறைந்துவிடும். வாடகை வண்டி ஒப்பந்தங்களில் சில, இரவில் ஊருக்கு வெளியே விலங்கு மோதி ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு தருவதில்லை. கையெழுத்திடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

கோபாரில் எரிபொருள் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த ஊரான வில்கேனியா ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தள்ளி, பாகா என்று பார்க்கிஞ்சி மக்கள் அழைக்கும் டார்லிங் ஆற்றங்கரையில் இருக்கிறது. இடையில் எம்டேல் சாலையோர நிலையம் ஒன்றுதான் உண்டு. உள்நாட்டில் கைபேசி அலை டெல்ஸ்ட்ரா நிறுவனத்துக்குத்தான் மற்றவற்றைவிட அதிகத் தொலைவு எட்டும். ஆனாலும் நெடுந்தொலைவுக்கு எதுவுமே எட்டாத இடங்கள் உள்ளதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குச் சில லிட்டர் குடிநீர் வண்டியில் இருக்கட்டும். வண்டி ஓட்ட விரும்பாதோர்க்குச் சிட்னியிலிருந்து வாரம் ஒருமுறை திங்கட்கிழமை புறப்படும் ரயில் உண்டு. மறுநாள் அது திரும்பிவிடுவதால், அதிலேயே திரும்ப நினைப்பவர் ஓர் இரவோடு நிறுத்திக்கொள்ளவோ ஒரு வாரம் தங்கவோ வேண்டியிருக்கும்.

புரோக்கன் ஹில் போகிறவர்கள் தவறவிடக் கூடாத செய்தி ஒன்று: அந்த நகரம் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. சிட்னிக் கடிகாரம் ஆறரை காட்டும்போது அங்கே ஆறு மணிதான். போகும்போது அரை மணி நேரம் லாபம். திரும்பும்போது அதே அரை மணி நேரம் நட்டம், அடுத்த ஊரின் சமையலறை மூடும் நேரத்தை அதற்கேற்பக் கணக்கிட வேண்டும். ஒருமுறை நான் அதை மறந்து, கிழக்கே ஒரு சிற்றூருக்கு எட்டேகாலுக்கு வந்துவிட்டேன் என்று எண்ணி உள்ளே நுழைந்தபோது அங்கே எட்டே முக்கால் ஆகிவிட்டிருந்தது. அன்றிரவு கிடைத்தது உப்பிட்ட வேர்க்கடலைப் பொட்டலம் மட்டுமே.

படி 6: பாரில் பதிவு செய்யுங்கள்

தனி வரவேற்பு மேசையைத் தேட வேண்டாம். பெட்டியை வாசலோரம் வைத்துவிட்டுப் பாருக்கு நேராகச் சென்று, முன்னே நிற்பவர்களுக்கு ஊற்றி முடியும் வரை காத்திருந்து, பெயரைச் சொல்லுங்கள். காத்திருக்கும்போது பணத்தை ஆட்டிக் காட்டுவதோ கைதட்டுவதோ மிகவும் மரியாதைக் குறைவு. யார் முன்னே வந்தார் என்று பாரில் நிற்பவருக்குத் தெரியும். சாவியோடு பக்கவாசல் சாவியோ குறியீட்டு எண்ணோ தருவார்கள். பார் மூடிய பிறகு அந்த வழியாகத்தான் நுழைய முடியும் என்பதால், அப்போதே ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். வருவதற்குத் தாமதமானால் முன்பே சொல்லுங்கள், சாவியை எங்காவது வைத்திருப்பார்கள்.

படி 7: அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியவை

பெட்டியைத் திறப்பதற்கு முன் வெளியேறும் வழியைப் பாருங்கள். பழைய பப்களில் மரத்தளமும் மரப்படியும் அதிகம்; தீயில் அழிந்து மீண்டும் கட்டப்பட்டவை ஏராளம். குவீன்ஸ்லாந்தின் சில்டர்ஸ் ஊரில், முன்பு பேலஸ் ஹோட்டலாக இருந்து பயணியர் விடுதியாக மாறிய பழைய மரக்கட்டடம் 2000ஆம் ஆண்டு ஜூன் 23 அன்று தீவைப்பால் எரிந்தபோது, இளம் பயணிகள் 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் கடுமையாயின. இன்று உரிமம் பெற்ற வீடுகளில் புகை உணர்வியும் ஒளிரும் வெளியேறு பலகையும் இருக்கும். ஆனாலும் உங்கள் கதவிலிருந்து இரண்டு வழிகளையும் நடந்து பார்த்து, வராந்தாக் கதவு உள்ளிருந்து எளிதில் திறக்கிறதா என்று சோதியுங்கள். அறைக்குள் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது.

பிறகு படுக்கை, மின்விசிறி, குளிர்காலமானால் மின்போர்வை ஆகியவற்றைச் சரிபாருங்கள். குறை இருந்தால் பார் கூட்டமாவதற்கு முன் சொல்லிவிட்டால் மாற்று அறை கிடைக்கும். பொதுக் குளியலறைக்கு ரப்பர் செருப்பு, பெரிய துண்டு, சோப்புப் பை ஆகியவற்றோடு போவதும், ஆறு மணிக்கு எழும் சுரங்கப் பணியாளரும் சாலைப் பணியாளரும் குளிக்கும் நேரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. தண்ணீரைச் சுருக்கமாகப் பயன்படுத்துங்கள். புரோக்கன் ஹில்லுக்குக் குடிநீர் 2019 முதல் மர்ரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டர் குழாய் வழியாக வருகிறது.

படி 8: சாப்பாடும் பாரும்

உணவுக்கூடத்தில் பரிமாறுபவர் வந்து கேட்பார் என்று உட்கார்ந்திருந்தால் இரவு முழுதும் உட்கார வேண்டியதுதான். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுண்டருக்குச் சென்று சொல்லி, அப்போதே பணம் கட்டி, எண் பலகையை வாங்கி வர வேண்டும். குடிப்பவற்றைப் பாரில் தனியாக வாங்க வேண்டும். குடிநீர்க் குடுவை ஓர் ஓரத்தில் இருக்கும். ரொட்டித்தூள் பூசிப் பொரித்த கோழி ஷ்னிட்செல், அதன் மேல் தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் உருக்கிய பார்மிஜியானா, மாட்டிறைச்சித் துண்டு, மீனும் வறுவலும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. அளவு மிகப் பெரியது. இருவர் ஒன்றைப் பகிரலாம். டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை. அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணமும் பொது விடுமுறை நாட்களில் பெரிய கூடுதல் கட்டணமும் இருக்கலாம். இணைப்பு அறுந்தால் அட்டை வேலை செய்யாது என்பதால் கையில் கொஞ்சம் நோட்டுகள் வேண்டும்.

பீர் அருந்துவோர்க்கு ஒரு குறிப்பு. நியூ சவுத் வேல்ஸில் 'ஸ்கூனர்' 425 மில்லிலிட்டர், 'மிடி' 285. மாநில எல்லையைத் தாண்டித் தெற்கு ஆஸ்திரேலியாவில் 'ஸ்கூனர்' என்றால் 285 மட்டுமே. குழுவாக நிற்கும்போது ஒருவர் எல்லோருக்கும் வாங்குவது 'ஷௌட்' எனப்படும்; அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் முறை வரும்போது நீங்களும் வாங்க வேண்டும். முறைக்கு நடுவே நழுவுவதை யாரும் மறக்க மாட்டார்கள். மது அருந்தாதவர் தயங்கத் தேவையில்லை. சோடாவும் எலுமிச்சையும் கேட்டு நின்றாலும் பேச்சில் அதே இடம் கிடைக்கும். வண்டி ஓட்டுபவருக்கு இரத்த மது அளவின் வரம்பு 0.05, புதிய உரிமக்காரருக்குப் பூச்சியம். சிற்றூரிலும் காவலர் எந்த நேரமும் ஊதச் சொல்வார். முந்தைய இரவு அருந்தியது காலையிலும் இருக்கும்.

உள்ளூர்க்காரரோடு பேசத் தொடங்க மழையைப் பற்றிக் கேட்பதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. வெள்ளி மாலை இறைச்சித் தட்டுக்கான குலுக்கல் சீட்டு வந்தால் ஒன்று வாங்குங்கள். அந்தப் பணம் பெரும்பாலும் ஊர் விளையாட்டுக் குழுவுக்கோ பள்ளிக்கோ போகும். இரண்டு நாணயங்களைச் சுண்டிப் பந்தயம் கட்டும் 'டூ அப்' ஆட்டம், மாநிலத்தின் பிற இடங்களில் ஆன்சாக் தினம் போன்ற சில போர் நினைவு நாட்களில் மட்டுமே சட்டப்படி ஆடக்கூடியது. புரோக்கன் ஹில்லுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. வேடிக்கை பார்ப்பதற்குக் கட்டணமில்லை.

படி 9: இரவும் மறுநாளும்

காதடைப்பான் கொண்டுபோங்கள். பார் மூடிய பின் நாற்காலிகளை அடுக்கும் ஓசையும், அதன் பின் ரோட் டிரெயின் எனப்படும், பல இழுவைப் பெட்டிகள் கோத்த நீண்ட லாரி ஒன்று தெருவில் வேகம் குறைத்துக் கடக்கும் ஓசையும் கேட்கும். பிறகு நகரவாசிக்குப் பழக்கமில்லாத நிசப்தம். நடைக்கூடத்தில் மெல்ல நடங்கள், பலகைகள் உங்கள் ஒவ்வோர் அடியையும் எல்லா அறைகளுக்கும் சொல்லிவிடும்.

காலை உணவு தரும் வீடுகளில் பொதுச் சமையலறையில் ரொட்டி, வெண்ணெய், தானியம், பால், கெண்டி வைத்திருப்பார்கள். பாத்திரத்தைக் கழுவி வைப்பது உங்கள் பொறுப்பு. அறையைப் பத்து மணிக்குள் விட வேண்டும். அதற்கு முன், தேநீர்க் கோப்பையோடு மாடி வராந்தாவில் அரை மணி நேரம் உட்காருங்கள். பேலஸ் வராந்தாவிலிருந்து பார்த்தால், தெருவின் மறுமுனையில் நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் சுரங்கக் கழிவு மேடு எழுந்து நிற்பது தெரியும். 1883-இல் சார்லஸ் ராஸ்ப் என்ற வேலி காவற்காரர் தாது இருக்கிறதா என்று கல்லெடுத்துப் பார்த்த குன்று இருந்த இடம் அது. பிறகு 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சில்வர்டனுக்குப் போங்கள். வெள்ளி தேடி ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்து, புரோக்கன் ஹில் எழுந்ததும் வீடுகளைக்கூடப் பெயர்த்துக்கொண்டு வெளியேறிய ஊர் அது; நின்றுபோன சில கட்டடங்களுள் ஒரு பப் இன்னும் திறந்திருக்கிறது. புறப்படுமுன் சாவியைப் பார் மேசையில் கொடுத்துவிடுங்கள். பார் இன்னும் திறக்கவில்லை என்றால் பக்கவாசல் அருகே அதற்கென ஒரு பெட்டி இருக்கும்.